வென்றபின் ஒரு விதி!

குன்றத்தூர்க் குன்றின் மீதேறி மேற்கே நோக்கினால், செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. ஏரிக்கும் அப்பால், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று பரந்து கிடக்கிறது தொழிற்சாலைகளின் நாடு. நெல் விளைந்த நிலத்திலே இன்று கார் விளைகிறது, லாரி விளைகிறது, மோட்டார் சைக்கிள் விளைகிறது, டயர் விளைகிறது. ஏரும் எருதும் சென்ற வழியிலே, ஷிப்டு முடிந்த தொழிலாளரைச் சுமந்து பஸ்கள் செல்கின்றன.

அந்த ஆலைகளுக்கு இடையே, இருங்காட்டுக்கோட்டையிலே, எந்த ஊருக்கும் போகாத சாலை ஒன்றுண்டு! சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். வளைந்து நெளிந்து ஓடி, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் சாலை. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலே பல்லாண்டு பந்தயம் நடத்திய பின்னர், 1990-இல் திறந்த பந்தயக் களம் அது.

"கார்ப் பந்தயமா? பணம் படைத்தவர் பொழுதுபோக்கு! அதிலே சிந்திக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பர் சிலர். இருக்கிறது, தோழர்களே! விதி எழுதுவோருக்கும் விதிக்கு உட்பட்டோருக்கும் இடையே எழும் வழக்கு, வாழ்க்கையின் எல்லாத் துறையிலும் உண்டு. ஆனால் மற்ற துறைகளில் அது ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும். காரணமும் விளைவும் கலங்கிப்போகும். பந்தயக் களத்திலோ, ஞாயிறன்று விதி பேசுகிறது, அன்று மாலையே விளைவு தெரிகிறது. நீதியை ஆராய நல்லதோர் ஆய்வுக்கூடம் அது!

காலால் ஓடும் பந்தயத்தில் ஓடுபவன் ஒருவன். கார்ப் பந்தயத்தில் ஓடுபவர் இருவர். ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன். மற்றவன், பல திங்களுக்கு முன்பே வரைபலகையின் முன் அமர்ந்து, தாளின் மீது ஓடி முடித்தவன். அந்த இரண்டாமவன் கையிலே எப்போதும் இருப்பது விதிப் புத்தகம். 'கூடாது' என்று விதி கூறும் இடத்தில் அவன் நிற்கிறான். விதி வாய் திறவாத இடத்தில் அவன் ஓடுகிறான். பிறர் காணாத வழியை அவன் கண்டான். அவன் கார் வென்றது. உடனே எழுகிறது கூச்சல்: "இது நியாயமா? தடை செய்!"

தடை செய்யலாமா? அதுதான் கேள்வி.

"விதி என்றால் விதி, மாற்றவே கூடாது" என்பர் ஒரு சாரார். விதியை எழுதியவனும் மனிதன்தானே! அவன் கண்ணுக்குத் தெரியாத நிலைமை நாளை வரும். வந்த பின்னும் ஏட்டைக் காட்டி வாயை அடைப்பது அறிவுடைமை ஆகாது. "எழுதியவனுக்கு அழிக்கவும் உரிமை உண்டு, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவான்" என்பர் மற்றொரு சாரார். அப்படியானால் விதி எதற்கு? அவன் முகத்தைப் பார்த்து நடந்தால் போதுமே! முன்னது பிடிவாதம், பின்னது எதேச்சாதிகாரம். இரண்டுக்கும் இடையே நேர்மையின் பாதை எங்கே கிடக்கிறது என்று தேடுவோம்.

விமானத்தின் இறக்கையைக் காற்று மேலே தூக்கும். அதே இறக்கையைக் கவிழ்த்து வைத்தால், காற்று கீழே அழுத்தும். அழுத்தினால் டயர் சாலையைக் கெட்டியாகப் பற்றும். பற்றினால் வளைவிலே வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இந்த அறிவு பிறந்ததும், 1968-இல் பார்முலா ஒன் கார்களின் மீது, மெல்லிய தண்டுகளின் மேல், உயர்ந்து நின்றன இறக்கைகள். மறு ஆண்டு, 1969 மே 4 அன்று, பார்சிலோனா நகரின் மான்ட்ஜூயிக் களத்திலே, லோட்டஸ் அணியின் இரு கார்களிலும் இறக்கை முறிந்தது. கிரகாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவரும் ஒரே இடத்தில் மோதி விழுந்தனர். உயிர் தப்பினர், ரிண்ட் காயமுற்றார். இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயம், மொனாக்கோவில். பயிற்சி ஓட்டம் தொடங்கியும் விட்டது. அந்த நிலையிலே விளையாட்டின் ஆட்சிக்குழு உரைத்தது: "இறக்கைகளைக் கழற்றுங்கள்!" இறக்கையோடு ஓடிப் பெற்ற பயிற்சி நேரங்களும் செல்லாதவையாயின.

போட்டி தொடங்கிய பின் விதியை மாற்றினரே, இது அநீதி அல்லவா? அல்ல என்பேன். ஓர் அணியின் வெற்றியைக் கண்டு பிறந்த தடை அன்று அது. உயிருக்கு வந்த இடரைக் கண்டு பிறந்தது. எல்லார் காரிலும் இறக்கை இருந்தது, எல்லாரும் கழற்றினர். பின்னர் உயரமும் அளவும் வரையறுக்கப்பட்டு, இறக்கை களத்திற்குத் திரும்பியும் வந்தது. உயிரைக் காக்கும் விதி நாள் பார்க்க வேண்டியதில்லை, நள்ளிரவிலும் பிறக்கலாம்.

உயிருக்கு இடர் இல்லாத போது? அங்கேதான் சிக்கல்!

நூல் எழுதியவனுக்குப் பதிப்புரிமை உண்டு. கருவி கண்டவனுக்கு, நம் நாட்டுச் சட்டப்படி, 20 ஆண்டுக் காப்புரிமை உண்டு. பந்தயக் களத்தின் வழக்கத்தில் அத்தகைய வேலி இல்லை. இன்று நீ கொண்டு வந்த புதுமையை, இன்றே எதிரணியின் கேமரா படம் பிடிக்கும். சில வாரங்களில் அது அவன் காரிலும் ஏறிவிடும். குற்றமன்று, அறிவு அப்படித்தான் பரவ வேண்டும். ஆனால், முதலில் கண்டவனுக்கு என்ன மிச்சம்? அவன் கண்டதற்கும் பிறர் அதைக் கற்பதற்கும் இடையே உள்ள காலம்! அந்தக் காலம்தான் அவன் கூலி. வேறு கூலி அவனுக்கு இல்லை. அந்தக் காலத்தை விதியின் பெயரால் பறிப்பவன், வேலை வாங்கிக்கொண்டு கூலி தர மறுப்பவனுக்கு ஒப்பானவன்.

2009-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஹோண்டா நிறுவனம் 2008 இறுதியில் களத்தை விட்டு விலகியது. கைவிடப்பட்ட அந்த அணியை, அதன் தலைவராயிருந்த ராஸ் பிரான் ஒரே ஒரு பவுண்டு விலைக்கு வாங்கினார். காரின் அடியிலே ஓடும் காற்று பின்புறம் வெளியேறும் பகுதிக்கு டிஃப்யூசர் என்று பெயர். அதன் அளவைப் புதிய விதி சுருக்கியிருந்தது. விதியின் வாசகத்தை வரி வரியாய்ப் படித்து, அதற்கு மேலே இரண்டாவது அடுக்கொன்றை அமைக்க இடமிருப்பதைக் கண்டனர் மூன்று அணியினர்: பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ். எதிரணியினர் வழக்குத் தொடுத்தனர். மெல்போர்ன் களத்து நடுவர்கள் 'விதிக்கு உட்பட்டதே' என்றனர். ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பிரான் அணியின் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் வென்றார். அந்த ஆண்டின் உலக வெற்றி வீரரும் அவரே. மற்றவர் என்ன செய்தனர்? அழுதுகொண்டு நிற்கவில்லை, பார்த்தனர், படித்தனர், தாமும் செய்தனர். பின்னர், 2011-ஆம் ஆண்டு முதல் அந்த அமைப்பு தடை செய்யப்பட்டது.

தடை வந்ததே என்று வருந்த வேண்டியதில்லை. கண்டவன் கூலி பெற்றான். மற்றவன் பாடம் பெற்றான். அதன் பிறகே விதி மாறியது, முன்னறிவிப்போடு. விதியை மாற்றும் முறை இதுவே!

இதற்கு நேர் எதிரானது 2006-இல் நடந்தது. ரெனால்ட் அணியினர் தம் காரின் மூக்கினுள்ளே, விற்சுருள்களுக்கு இடையே ஓர் எடையைத் தொங்கவிட்டனர். கார் குலுங்கும் போது அந்த எடை எதிராக அசைந்து குலுக்கலைத் தணிக்கும். 2005 இறுதியிலிருந்து பல பந்தயங்களில் அது எதிர்ப்பின்றி ஓடியது. பிறரும் பின்பற்றத் தொடங்கினர். 2006 சூலையில், பருவத்தின் நடுவிலே, எப்.ஐ.ஏ. எனும் பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு கூறியது: "இது காற்றியக்கத்தைப் பாதிக்கும் அசையும் கருவி, ஆகவே கூடாது!" காற்றே படாத இடத்தில், உறைக்குள் மறைந்து கிடக்கும் எடை, காற்றியக்கக் கருவியாம்! செர்மனிப் பந்தயத்தின் நடுவர்கள் அதை விதிக்கு உட்பட்டது என்றனர். தன் நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்துத் தானே மேல்முறையீடு செய்தது கூட்டமைப்பு. ஆகஸ்டில் தடையும் பெற்றது. அந்த ஆண்டும் ரெனால்ட் அணியே வென்றது என்பது வேறு செய்தி. வென்றதனால் அநீதி நீதியாகிவிடாது.

இங்கே பிழை எது? தடை செய்தது மட்டும் அன்று. தடைக்குச் சொன்ன காரணம், தடை செய்யப்பட்ட பொருளுக்குப் பொருந்தவில்லை. "அடுத்த ஆண்டு முதல் இத்தகைய எடை வேண்டாம்" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். பழைய விதிக்குப் புதிய பொருள் கற்பித்து, நேற்று வரை நல்லவனை இன்று குற்றவாளி ஆக்கியதுதான் தவறு.

அதே அளவுகோலைக் கண்டுபிடிப்பவன் மீதும் வைப்போம். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு நமக்கு வேண்டாம். 1978-இல் சுவீடன் நாட்டின் ஆண்டர்ஸ்டார்ப் களத்துக்கு பிரபாம் அணி ஒரு காரைக் கொண்டு வந்தது. வடித்தவர் கார்டன் மர்ரே. பின்புறத்திலே பெரிய விசிறி! அது காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சியது. காரைச் சாலையோடு ஒட்ட வைத்தது. காற்றியக்கத்துக்காக அசையும் கருவி கூடாது என்று அன்றே விதி இருந்தது. "விசிறியின் முதன்மை வேலை எஞ்சினைக் குளிர்விப்பது" என்று விளக்கம் கூறினர். நிக்கி லவுடா அந்தக் காரில் அரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். வெற்றி பறிக்கப்படவில்லை, ஆனால் அந்தக் கார் மறுமுறை பந்தயத்தில் ஓடவும் இல்லை. மர்ரேயின் மதியை நான் போற்றுகிறேன். ஆனால், விதி சொல்லாத இடத்தில் வழி காண்பது ஒன்று. விதி தடுத்ததற்கு வேறு பெயர் சூட்டுவது மற்றொன்று. விதி எழுதுபவன் மெய்யான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்று கேட்கும் நாம், கண்டுபிடிப்பவனும் மெய்யான நோக்கத்தைச் சொல்ல வேண்டுமென்று கேட்கத்தான் வேண்டும்.

நண்பர் ஒருவர் இடைமறிப்பார்: "புதுமை என்கிறீரே, அது பணத்தின் பிள்ளை அல்லவா? ஆயிரம் பொறியாளரை அமர்த்தக்கூடியவன் கண்டுபிடிப்பான். ஏழை அணி பார்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் தடுத்து எல்லாரையும் சமமாக்குவதே நீதி!" கேள்வி வலியது. விடை நம் மண்ணிலேயே கிடைக்கிறது.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், பந்தயக் கார் ஓட்டியவர், வடித்தவரும் கூட. 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத நம் இளைஞர்களுக்காக, மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்து, ஒருவர் அமரும் சிறிய பந்தயக் காரை வடித்தார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் ஒரே எஞ்சின். அவர் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கிறது. அங்கே, பொறியியல் கல்லூரி மாணவர் தாமே வடித்த கார்களோடு மோதும் பார்முலா பாரத் போட்டி நடக்கிறது. அந்தப் போட்டியின் விதி ஒன்று அழகானது. பெட்ரோல் எஞ்சின் 710 சி.சி.க்கு மிகக் கூடாது. எஞ்சின் உட்கொள்ளும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் வட்டத் துளை ஒன்றின் வழியாகவே செல்ல வேண்டும். செல்வக் கல்லூரிக்கும் 20 மில்லிமீட்டர். எளிய கல்லூரிக்கும் 20 மில்லிமீட்டர்! அந்தக் குறுகிய துளையின் வழியே வரும் காற்றைக் கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் அவரவர் அறிவுக்கு விடப்பட்டிருக்கிறது.

பார்த்தீர்களா? சமன்மை வேண்டுமா, வை. தொடக்கக் கோட்டிலே வை. வெற்றிக் கோட்டிலே வைக்காதே. புறப்படும் முன் எல்லாருக்கும் ஒரே துளை என்றால் அது சமநீதி. முந்திச் செல்பவனைக் கண்ட பின் அவன் துளையை மட்டும் அடைத்தால் அது பொறாமை. சமநீதியின் உடையை உடுத்தி வரும் பொறாமையை அடையாளம் காணத் தெரிய வேண்டும் நமக்கு.

இனி, விதியை மாற்ற மறுத்த கதை ஒன்று. நம்மவர் ஒருவர் அதிலே இருக்கிறார்.

கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், திருப்பெரும்புதூர்க் களத்திலே பார்முலா மாருதிக் காரில் தம் முதல் பந்தயத்தை ஓடினார். 2005-இல் ஜார்டன் அணியின் ஓட்டுநராகி, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டின் விதி: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர்த் தொகுதி, நடுவில் மாற்றக் கூடாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில், சாய்தளமாக உயர்ந்த பதின்மூன்றாம் வளைவிலே, மிச்செலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியில் ரால்ப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். தம் டயர் பந்தயம் முழுவதும் தாங்காது என்று அந்த நிறுவனமே தன் அணிகளிடம் கூறியது. வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைக்கும் தடை ஒன்றை அமைக்கும்படி கேட்டனர். எப்.ஐ.ஏ. மறுத்தது. "தக்க டயரோடு வந்தவருக்கு இது அநீதி, சோதிக்கப்படாத தடையும் ஆபத்து" என்றது. 2005 சூன் 19 அன்று, முன்னோட்டச் சுற்று முடிந்ததும், மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே பந்தயத்தில் ஓடின! நான்காவதாக வந்தார் நரேன். ஐந்து புள்ளி பெற்றார். பார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற ஒரே இந்தியர் அவரே.

"ஆளில்லாத களத்தில் பெற்ற புள்ளி" என்று எள்ளி நகையாடினர் சிலர். எள்ளுவோரைக் கேட்கிறேன்: எந்த விதியை அவர் மீறினார்? எல்லாருக்கும் ஒரே விதி எழுதப்பட்டிருந்தது. அதற்கேற்ற டயரோடு அவர் அணி வந்திருந்தது. அந்தப் புள்ளிகள் இரவல் அல்ல.

ஒதுங்கிய பதினால்வரும் தவறு செய்யவில்லை. உயிரைப் பணயம் வைத்து ஓடு என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. மறுத்த கூட்டமைப்பின் வாதமும் வலியதே. எல்லார் பக்கமும் ஏதோ ஒரு நியாயம்! ஆனால், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்த மக்கள், ஆறு கார்களை வெறித்துப் பார்த்துவிட்டுச் சினத்தோடு திரும்பினர். சீட்டுப் பணத்தை மிச்செலின் நிறுவனம் பின்னர் திருப்பித் தந்தது. பிழை எங்கே? இத்தகைய நெருக்கடி வந்தால் விதியை எப்படித் தளர்த்துவது, யார் தளர்த்துவது, தளர்த்தினால் தக்கபடி வந்தவனுக்கு என்ன ஈடு என்று முன்பே எவரும் எழுதி வைக்கவில்லை. மறு ஆண்டு, 2006-இல், பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும் உரிமை திரும்பி வந்தது. விதியை எழுதுவோர் கடமை, விதியோடு முடிவதில்லை. அதை மாற்றும் வழியையும் அமைதியான நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். நெருப்புப் பிடித்த பின் கிணறு வெட்டுவதா?

இனிக் களத்தை விட்டு வெளியே வருவோம். பட்டறை ஒன்றிலே, பீஸ் ரேட் கூலிக்கு வேலை செய்கிறான் ஓர் இளைஞன். நாளொன்றுக்கு நூறு உருப்படி கடைகிறான். இரவெல்லாம் சிந்தித்து, உருப்படியைப் பிடித்து நிறுத்தும் கருவியொன்றைத் தானே செய்து, நூற்றைம்பது கடைகிறான். முதல் வாரம் பாராட்டு. இரண்டாம் வாரம் புதிய விதி: உருப்படிக்குக் கூலி மூன்றில் ஒரு பங்கு குறைப்பு! கணக்குப் போடுங்கள். அவன் கையிலே பழைய கூலிதான். முதலாளி கையிலே அதே செலவில் ஐம்பது உருப்படி கூடுதல். அவன் மூளையின் விளைச்சல் எங்கே போயிற்று?

அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர், தொழிலாளர் தலைவர் அல்லர்; ஆலையின் ஆக்கத்தைப் பெருக்க வழி தேடியவர். அவரே 1911-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்திருக்கிறார்: அதிகம் செய்தபின் கூலி குறைக்கப்பட்டதைக் கண்ட தொழிலாளி, இனி மெதுவாகச் செய்யப் பழகிக்கொள்கிறான் என்று. ஆம்! வென்றபின் வரும் விதி, வென்றவனை மட்டும் தண்டிப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் பேருக்கு, 'சிந்திக்காதே' என்று பாடம் நடத்துகிறது. ஒருவன் கூலியைப் பறித்து, ஊரின் அறிவையே ஊமையாக்குகிறது.

ஆகவே, எந்த விதி மாற்றம் வந்தாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதனால் இலாபம் அடைவோன் பெயரையும், இழப்போன் பெயரையும் மறைத்துவிடுங்கள். பெயர்களை மறைத்த பின்னும், சொன்ன காரணம் நிமிர்ந்து நிற்கிறதா? மொனாக்கோவின் இறக்கைத் தடை நிற்கிறது. இருபது மில்லிமீட்டர் துளை நிற்கிறது. மூக்கினுள் மறைந்த எடைக்கு வந்த தடை நிற்கவில்லை. பட்டறையின் கூலிக் குறைப்பு தலைகுப்புற விழுகிறது.

மேற்கே உள்ள அந்தத் தொழில் நிலத்திலே வேலைக்குச் செல்லும் இளைஞனே! கல்லூரியிலே கார் வடிக்கும் மாணவனே! இன்று நீ பிறர் எழுதிய விதியின் கீழ் ஓடுகிறாய். நாளை நீயே சூப்பர்வைசராவாய், தேர்வாளனாவாய், சங்கத் தலைவனாவாய். விதி எழுதும் பேனா உன் கைக்கு வரும். உன்னைக் காட்டிலும் விரைந்து ஓடும் இளையவன் ஒருவன் அன்று உன் கண்முன் தோன்றுவான். உன் விதியிலே நீ காணாத இடைவெளியை அவன் கண்டிருப்பான். பேனாவைத் திறக்குமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடு.